புது உப்புநீர் மீனுக்கு ஒரு மாதத் தனித்தொட்டி

என் தொட்டியில் முதன்முதலாக ஒரு மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தபோது உணவில் பூண்டுச் சாறு கலந்து போட்டேன், 4 நாளில் புள்ளிகள் காணாமல் போயின, எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் பூண்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே புள்ளிகள் திரும்பி வந்தன, இந்தத் தடவை தொட்டியிலிருந்த 6 மீன்களிலும். 4 மீன்கள் செத்தன. அந்த முதல் மீனைக் கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே நேராகப் பெரிய தொட்டியில் விட்டிருந்தேன். புது மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் ஒரு மாதம் தனியே வைத்துக் கவனிக்கும் சின்னத் தொட்டியைத்தான் தனித்தொட்டி என்கிறேன்.

அன்று தொட்டிக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் தனித்தொட்டி எதற்கு, ஏன் இத்தனை நாள் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உப்புநீர் மீன் வளர்ப்பவர்கள் 'இக்' என்று சொல்லும் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. அது மீனின் மேல்தோலுக்குள் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கிறது, நாம் பார்க்கும் புள்ளி அதுதான். அப்புறம் மீனை விட்டுக் கழன்று விழுந்து, கல்லிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. கூட்டை விட்டு வெளியே வரும் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துவிடும். கூடு எப்போது உடையும் என்பதில்தான் சிக்கல்: பெரும்பாலும் 3 நாளிலிருந்து 4 வாரத்துக்குள், அபூர்வமாக 72 நாள் வரை. ஆக, என் பூண்டு எதையும் குணப்படுத்தவில்லை. ஒட்டுண்ணி வயிறு நிறைந்து பிள்ளை பெறப் போயிருந்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். காப்பர் போன்ற மருந்துகள் தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது, நீரில் நீந்தி வரும் குஞ்சை மட்டும்தான் கொல்லும், அதனால் மருந்து வாரக்கணக்கில் தொடர்ந்து நீரில் இருக்க வேண்டும். பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் அந்தக் காப்பரை ஊற்ற முடியாது, அவை செத்துவிடும். போதாததற்குக் கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொண்டு அளவையும் குழப்பிவிடும். 'கிளீனர் ராஸ் மீன் ஒன்று விட்டால் சுத்தம் செய்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தோலுக்குள் உட்கார்ந்திருப்பதை அதனால் கொத்தி எடுக்க முடியாது. சரி, தனித்தொட்டிக்கு வருவோம்.

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே

ஆமாம், ஒரு மாதம் முன்பே. புதிதாக ஆரம்பிப்பவர்கள் தவறவிடுவது இந்த இடம்தான். தொட்டியை அரை மணி நேரத்தில் வைத்துவிடலாம், அதில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சைத் தின்னும் பாக்டீரியாவை அரை மணி நேரத்தில் வைக்க முடியாது. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரின் பஞ்சை இப்போதே உங்கள் பெரிய தொட்டியின் சம்ப்பில் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) போட்டுவிடுங்கள், 4 வாரம் ஊறட்டும். (பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்தால் இந்த வழி கூடாது, அப்போது பாட்டிலில் வரும் பாக்டீரியாவை வைத்துத் தனியாகத்தான் தயார் செய்ய வேண்டும்.)

தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. க்ளவுன் மீன், கோபி போன்ற சின்ன மீன்களுக்கு 40 லிட்டர் போதும், டேங் வகை மீன்கள் நீந்த இடம் கேட்பவை, அவற்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். அடியில் மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகளும் எல்போக்களும் போடுங்கள், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், மீனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் வகைகளுக்கு மட்டும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மணல் போட்டு வைக்கலாம். ஹீட்டர், தெர்மாமீட்டர், ஏர் பம்ப் வேண்டும். மேலே மூடி கட்டாயம், பயந்துபோன புது மீன் துள்ளும், அதுவும் ராத்திரியில்தான் துள்ளும். வெப்பநிலை 25-26 டிகிரி செல்சியஸில் நிலையாக இருந்தால் சரி.

இந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய், தனித் துண்டு. ஈரமான வலை ஒன்று போதும் நோயைக் கடத்த. வெல்வெட் என்ற நோயின் கிருமி காற்றில் பறக்கும் நுண்துளிகளோடும் போகக்கூடும் என்பதால் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம், வேறு அறை என்றால் இன்னும் நல்லது.

கடையில் நிற்கும்போது

அழகைப் பார்ப்பதற்கு முன்னால் மூச்சைப் பாருங்கள். செவுள் மூடி எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். அதே இனத்தில் பக்கத்தில் இருக்கும் மீன் 60 என்றிருக்க உங்கள் மீன் 120 என்றால் அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் வயிறு: முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே குழிந்திருக்கக் கூடாது, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டிப்போய் இருக்கக் கூடாது. உங்கள் கண் முன்னால் உணவு போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை 'வீட்டுக்குப் போனால் தின்னும்' என்று சொல்லி விற்பார்கள், பல நேரம் தின்னாது. கடைகளில் பல தொட்டிகளுக்கு ஒரே நீர்தான் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் உங்கள் மீன் இருக்கும் தொட்டியை மட்டும் பார்க்காமல் பக்கத்துத் தொட்டிகளில் செத்த மீன் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உங்கள் நீரின் உப்பு அளவு என்ன, நீரில் காப்பர் இருக்கிறதா? நிறையக் கடைகள் மீன் தொட்டிகளைக் குறைந்த உப்பில் ஓட்டும், ஒப்படர்த்தி 1.018 அல்லது 1.020 என்று. பவளம் வளர்க்கும் நம் ரீஃப் தொட்டி 1.025-இல் இருக்கும். காப்பர் லேசாகப் போட்டிருந்தால் புள்ளிகள் அடங்கி இருக்கும், வீட்டுக்கு வந்தபின் கிளம்பும்.

வீட்டுக்கு வந்த நாள்

பையை மூடியபடியே 15-20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகட்டும். தனித்தொட்டியின் உப்பைக் கடையின் அளவுக்கே முன்கூட்டித் தயார் செய்து வைத்திருந்தால் வேலை சுலபம், பையைத் திறந்து, மீனை வலையிலோ கையிலோ எடுத்து, தொட்டியில் விட்டால் முடிந்தது. பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் நீர் கலக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். பல மணி நேரம் பையில் பயணம் செய்து வந்த மீனுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அந்தக் குறைந்த பிஎச்சில் அம்மோனியா பெருமளவு தீங்கு குறைந்த வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா நச்சாக மாறிவிடும். அந்த நீரில் மீனை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது செவுளைப் பொசுக்குவதற்குச் சமம்.

உப்பை 1.025-க்கு ஏற்றுவதை அடுத்த சில நாட்களில் மெதுவாகச் செய்யுங்கள், ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002-க்கு மேல் வேண்டாம். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் விளக்கைக் குறைத்து விட்டுவிடுங்கள். உறையவைத்த மைசிஸ், ஆர்ட்டீமியா இறால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், டேங் என்றால் நோரி கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டுங்கள், தின்னாத மிச்சத்தை அன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தனித்தொட்டியில் சாகும் மீன்களில் நிறைய நோயால் சாவதில்லை, அம்மோனியாவால் சாகின்றன, அதனால் முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் நிற அட்டை ஒன்று இருந்தால் போகிற போக்கில் பார்த்துவிடலாம்.

தினமும் 5 நிமிடம்: எதைப் பார்ப்பது

ஒரே நேரத்தில் பாருங்கள், உணவு போடுவதற்கு முன்னால். ஒரு நோட்டில் மூச்சு எண்ணிக்கை, தின்றதா இல்லையா, ஏதாவது மாற்றம் என்று ஒரு வரி எழுதுங்கள். இது வாத்தியார் வேலை மாதிரி இருக்கும், ஆனால் மூச்சு 70-லிருந்து 85, 85-லிருந்து 110 என்று ஏறுவதைக் கண் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. டார்ச் ஒன்றை மேலிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தால் பகல் வெளிச்சத்தில் தெரியாத தூசு தெரியும்.

வெள்ளைப் புள்ளி, உப்புக்கல் தூவிய மாதிரி எண்ணிவிடக்கூடிய அளவில் இருந்தால் இக். மீன் எதிலாவது உரசிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் தின்னும். இது அவசரம், ஆனால் தலை போகிற அவசரம் இல்லை.

தலை போகிற அவசரம் வெல்வெட். அமிலோடினியம் ஓசெல்லாட்டம் என்ற இந்த ஒட்டுண்ணி முதலில் செவுளைத்தான் பிடிக்கும், தோலில் எதுவும் தெரியும் முன்பே மீன் செத்துப்போகலாம், சில சமயம் இரண்டு மூன்று நாளில். ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வரும். தோலில் தெரிந்தால் புள்ளியாகத் தெரியாது, மாவோ தங்கத் தூசோ பூசிய மாதிரி இருக்கும், எண்ண முடியாது. அதற்கு முன்னால் தெரிவது நடத்தை: வேகமான மூச்சு, நேற்று வரை தின்ற மீன் இன்று உணவைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வது, வெளிச்சத்தை விட்டு ஒதுங்குவது, பம்ப்பின் நீரோட்டத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்து நின்றுகொண்டே இருப்பது. இந்த நாலில் மூன்று சேர்ந்து தெரிந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

க்ளவுன் மீனுக்கு என்றே வந்த மாதிரி ஒன்று உண்டு, புரூக்ளினெல்லா. உடம்பில் சளி கெட்டியாகப் படிந்து, தோல் உரிந்து தொங்குவது போல இருக்கும். இதற்குக் காப்பர் வேலை செய்யாது. ஃபார்மலின் குளியல்தான் பழைய வழி, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் செய்ய வேண்டும். குரோமிஸ், ஆந்தியாஸ் மீன்களின் பக்கவாட்டில் சிவப்பாகப் புண் மாதிரி வந்தால் யுரோனிமா ஒட்டுண்ணி என்று சந்தேகப்படுங்கள், அந்த மீனைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

ஃப்ளூக் எனும் தட்டைப்புழுக்களைக் கண்ணால் பார்ப்பது அரிது, கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் தலையை உதறும், கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கும், ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மூச்சு விடும், கண் மங்கும். சந்தேகம் வந்தால் 5 நிமிட நன்னீர்க் குளியல் நல்ல சோதனை: உப்பில்லாத ஆர்ஓ நீரைத் தொட்டியின் வெப்பத்துக்கும் பிஎச்சுக்கும் சமமாக்கி, காற்றடித்து வைத்து, அதில் மீனை விடுங்கள். புழு இருந்தால் வெள்ளையாக மாறி எள் மாதிரி அடியில் விழும். மீன் முதல் நிமிடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் பயப்பட வேண்டாம், மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள், தாறுமாறாகிவிட்டால் எடுத்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் கொஞ்சம் வேகமாக: வெள்ளை நூல் மாதிரி கழிவு, தின்றும் மெலிவது என்றால் குடல் ஒட்டுண்ணி. துடுப்பு அரிப்பதும் உடம்பில் ரத்தக் கோடுகளும் பாக்டீரியா. ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் அடிபட்டது, இரண்டும் பிதுங்கினால் உள்ளே தொற்று. மஞ்சள் டேங்கில் மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளி என்றால் அதுவும் ஒருவகைத் தட்டைப்புழு. துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளைக் கட்டி வந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ் வைரஸ், அதற்கு மருந்தும் வேண்டாம் பதற்றமும் வேண்டாம், நல்ல நீரும் உணவும் இருந்தால் தானாகப் போய்விடும்.

மருந்து போடுவதா, பார்த்துக்கொண்டிருப்பதா

இதில் இரண்டு கட்சி உண்டு. அறிகுறி தெரிந்தால் மட்டும் மருந்து என்பது ஒன்று, எல்லாப் புது மீனுக்கும் காப்பரும் புழு மருந்தும் கட்டாயம் என்பது இன்னொன்று. டேங், ஏஞ்சல், பட்டர்ஃப்ளை போன்ற, நோயோடு வருவதற்குப் பேர்போன மீன்களுக்கு நான் இரண்டாம் கட்சி. மாண்டரின் போன்ற மெல்லிய மீனுக்குக் காப்பர் போட மாட்டேன், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன், அதையும் 30 நாளுக்குக் குறைக்க மாட்டேன்.

காப்பர் போடுவதென்றால் சோதனைக் கருவி இல்லாமல் போடாதீர்கள், சொட்டு எண்ணிக்கையை நம்புவதற்கு இது சர்பத் இல்லை. அயனிக் காப்பர், கீலேட் செய்த (வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்த) காப்பர் என்று இரண்டு வகை உண்டு. முதலாவது தயாரிப்பைப் பொறுத்து லிட்டருக்கு 0.15 முதல் 0.5 மில்லிகிராம் வரையான அளவில் வேலை செய்யும், இரண்டாவதற்குத் தயாரிப்பைப் பொறுத்து 1.5 முதல் 2.5 வரை வேண்டும். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் ஒன்று மீன் சாகும், இல்லை ஒட்டுண்ணி பிழைக்கும். மீன் தின்ன ஆரம்பித்த பிறகு, 3-4 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அளவுக்கு ஏற்றுங்கள் (வெல்வெட் சந்தேகம் என்றால் இந்தப் பொறுமை கிடையாது). முழு அளவுக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள், நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. 14 நாள் முடித்துச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது இன்னொரு வழி. நீர் மாற்றும்போது புது நீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கரி போடக் கூடாது, அது மருந்தை இழுத்துவிடும். அம்மோனியாவை உடனே கட்டுப்படுத்தும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, காப்பரின் நச்சு பல மடங்காகிவிடும். அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள்.

காப்பர் ஃப்ளூக்கைக் கொல்லாது, அதற்குப் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து. அது முட்டையை விட்டுவிடும் என்பதால் 5 முதல் 7 நாள் கழித்து இரண்டாவது தடவை போட வேண்டும். இந்த மருந்து போட்ட நாட்களில் நீரில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் குறையலாம், ஏர் ஸ்டோனைக் கூட்டி வையுங்கள்.

பெரிய தொட்டிக்குள் நோய் ஏற்கெனவே புகுந்துவிட்டால்? எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்து மருத்துவம் பார்க்க வேண்டும், மீனே இல்லாமல் அந்தத் தொட்டி 76 நாள் கிடக்க வேண்டும். ஒரு மீனை 'அது நல்லாத்தானே இருக்கு' என்று உள்ளே விட்டுவைத்தால் 76 நாளும் வீண். இந்தக் கணக்கில் பவளமும் நத்தையும் தப்பாது. அவற்றுக்கு இக் வராது என்றாலும் ஓட்டிலோ அடிக்கல்லிலோ கூடு ஒட்டி வரலாம், வசதி இருந்தால் அவற்றையும் மீனில்லாத தொட்டியில் அதே 76 நாள் வையுங்கள்.

மாற்றும் நாள்

மருந்துக் கணக்கு முடிந்து, நீரிலிருந்து மருந்தைக் கரி போட்டு எடுத்து, அப்புறமும் ஒரு வாரம் மீன் நன்றாகத் தின்று மூச்சு பழைய எண்ணிக்கையிலேயே நின்றால் மாற்றலாம். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு மாற்றுங்கள், பழைய மீன்கள் சண்டைக்காரர்களாக இருந்தால் துளையிட்ட பெட்டி ஒன்றில் உள்ளேயே இரண்டு மூன்று நாள் வைத்து அறிமுகப்படுத்துங்கள். இங்கேயும் உப்பும் வெப்பமும் சமமாக இருக்க வேண்டும், பழைய நீர் கலக்கக் கூடாது.

தொட்டியைக் காலி செய்து, ப்ளீச் கலந்த நீரில் கழுவி, நன்றாக அலசி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் சில நாள் காயவிடுங்கள், வலையும் குழாய்த் துண்டுகளும் அதே மாதிரி. காப்பரில் இருந்த பஞ்சைச் சம்ப்பில் திரும்பப் போடாதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள். புதுப் பஞ்சு ஒன்றை அன்றைக்கே சம்ப்பில் போட்டு வைத்தால் அடுத்த மீன் வரும்போது அது ஊறித் தயாராக இருக்கும்.